பெண்பூ கேட்ட கடிதம்

"அனுப்பியது ஆண்பூ.
பெண்பூவும் வேண்டும்.
தில்லையில் இரண்டும் வேறுவேறு மரமாமே,
பார்த்து உறுதி செய்யவும்."

லெய்டனிலிருந்து பேராசிரியர் ஹூக்ஸ்ட்ரா
மார்கழிக் குளிரில் எழுதிய நான்கு வரி
நன்னம்பிக்கை முனையைச் சுற்றி
காலியில் கப்பல் மாறி
திருகோணமலையில் மூன்று மாதம் சாக்குக்குள் கிடந்து
புளியந்தீவுக் கோட்டைக்கு வந்துசேரப்
பதினேழு மாதம்.

அதற்குள், யாருக்கு எழுதினாரோ
அந்த வைத்தியர் ஃபெய்க்
வயிற்றோட்டத்தில் போய்விட்டார்.
கல்லில் வெட்டிய தேதி
1757, பெப்ரவரி ஒன்பது.

ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை.
பதினொரு வருடச் சிநேகிதம்.
இவர் தாழை அனுப்புவார், கண்டல் அனுப்புவார்,
சாராயத்தில் ஊறிய தாமரைக் காய் அனுப்புவார்.
பாதியைக் கரப்பான் தின்னும்,
பாதியைக் கடல்.
மிச்சம் லெய்டனுக்கு.
அவர் ஒருமுறை
சிறகு வைத்த மேப்பிள் விதை அனுப்பினார்.
பனி விழாமல் கண்திறக்காத விதை.
தூபாசி பிலேந்திரன் ஒன்பது மாதம்
கோட்டைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினான்.
சட்டியில் குப்பைமேனி முளைத்தது.
அதையும் அழுத்தி உலர்த்தி அனுப்பினார் ஃபெய்க்:
"உங்கள் மரம் இங்கே இப்படித்தான் வளர்கிறது."
சிரிக்கத் தெரிந்த மனிதர்.

கதிராமப்போடியைப் பற்றி
எல்லாக் கடிதத்திலும் சேர்த்து அரை வரி:
"படகுக்காரனுக்குக் கண்நோய், ஆகவே தாமதம்."

நோயில்லை அது.
நாவற்குடாப் பக்கம், கரையோரத் தில்லையில்
கிளையை முறி என்றார்கள்.
முறித்தான். பால் தெறித்தது.
முறிக்கமுன் மாட்டேன் என்று
இரண்டுதரம் சொன்னதைத்
தூபாசி மொழிபெயர்க்கவில்லை.
மறுகா ஒருநாளும்
வலக்கண்ணால் அவன் வாவியைப் பார்க்கவில்லை.

பெண்பூக் கடிதத்தின் அரக்கை உடைத்தவன் பிலேந்திரன்.
புதிதாய் வந்த வைத்தியருக்குப்
பச்சிலையில் நாட்டமில்லை,
நரம்பு கீறி இரத்தம் எடுப்பதோடு சரி.
இறந்தவர் பேருக்கு வந்த கடிதத்தை
இடுப்பில் செருகிக்கொண்டு
ஆடி மாதம் வள்ளம் ஏறினான்.
எது பெண் மரமென்று யார் காட்டியது?
எந்தத் தாளிலும் இல்லை.
அணியத்தில் ஒற்றைக்கண்ணோடு ஒருவன்
கைநீட்டி இருந்திருக்கலாம்.
வரமாட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம்.

இது எல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?
பாதி தெரியாது.
வந்தாறுமூலையில், மின்சாரம் போய்ப்போய் வரும் அறையில்
திரையில் வந்து விழும் தாள்களுக்குத்
தேதியும் இடமும் தட்டச்சு செய்வது என் வேலை.
நாளைக்கு அறுபது தாள்.
நாற்பத்திரண்டாவது, தில்லை.
இலைக்கக்கத்தில் ஒடுங்கிய பெண்பூ,
பழுப்பாய், கடுகளவு.
சேகரித்தவர்: ஃபெய்க்.
1757, ஜூலை இருபத்தொன்று.

செத்து ஐந்து மாதம் கழித்து
ஒரு மனிதர் பறித்த பூ.
'தேதிப் பிழை' என்று குறித்தேன்.
மறுகா அழித்தேன்.

அடி மூலையில், பசை ஒட்டிய இடத்தில்
மூன்று வரி மை.
பட்டியல் சொல்கிறது:
"அலங்காரக் கீறல்கள். பொருளில்லை."
பெரிதாக்கினேன்.
புள்ளி வைக்காத தமிழ்.

"இதின் பால் கண்ணிலே படாமல்
பிரித்தெடுக்கவும்.
முன்னே சொல்லாதது என் குற்றம்."

ஒல்லாந்து மொழியில் ஓடிய கை அது,
கணக்கும் கடிதமும் அதிலேயே எழுதிய கை.
லெய்டனில் இதைப் படிக்க
ஒருவரும் இல்லையென்று தெரிந்த கை.

கிளை காய்ந்து
இருநூற்று அறுபது வருடத்துக்கு மேல்.
நடுவில் கண்ணாடி வேறு.
ஆனாலும் நாற்காலியைச்
சற்றுப் பின்னே இழுத்துக்கொண்டேன்.